லண்டனில் குடும்பத்தோடு ஒரு வாரம்: எந்தப் பயணச்சீட்டு, எந்தச் சுற்றுலா பாஸ்?

கேள்வி: ஐவர்பயணம்

அனைவருக்கும் வணக்கம். விடுமுறையில் குடும்பத்துடன் லண்டன் செல்கிறோம். ஒரு வியாழக்கிழமை காலை ஹீத்ரோவில் இறங்கி, அடுத்த புதன்கிழமை மாலை அங்கிருந்தே இந்தியா திரும்புகிறோம். நான், என் மனைவி, 12 வயது மகள், 8 வயது மகன், 68 வயதான என் அம்மா என மொத்தம் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு; சமதளத்தில் மெதுவாக நடப்பார், ஆனால் படிக்கட்டு என்றால் சிரமம். ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்துக்கு அருகில் தங்குகிறோம்.

பயணச்சீட்டைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஆய்ஸ்டர் கார்டு (பணம் ஏற்றித் தொட்டுச் செல்லும் பயண அட்டை), பார்வையாளர்களுக்கான ஆய்ஸ்டர், டிராவல்கார்டு (குறிப்பிட்ட நாள்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பயணிக்கும் சீட்டு), வங்கி அட்டையையே தொட்டுச் செல்லும் முறை ஆகியவற்றுள் எங்களுக்கு எது பொருந்தும்? லண்டன் கோபுரம், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கிரீனிச் ஆகியவற்றைப் பார்க்க விரும்புகிறோம். பல இடங்களுக்கு ஒரே கட்டணத்தில் அனுமதி தரும் சுற்றுலா பாஸை முன்கூட்டியே வாங்கிவிடலாமா?

பதில்: தண்டவாளம்

ஐந்து பேருக்கும் ஒரே வகைச் சீட்டு என்று தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. உங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஆள் விதி வேறுபடுகிறது.

மகனுக்குச் சீட்டே வேண்டாம். 11 வயது நிரம்பாத பிள்ளைகள் சுரங்க ரயில், பேருந்து, டிஎல்ஆர் எனப்படும் இலகு ரயில் அனைத்திலும் பெரியவர்களுடன் இலவசமாகச் செல்லலாம்; நிலையத்தில் அகலமான வாயில் வழியாக அவனை உங்களோடு அழைத்துச் சென்றால் போதும். மகளுக்கு வங்கி அட்டை கொடுத்துவிடாதீர்கள். வங்கி அட்டைக்கு வயது தெரியாது என்பதால் அது பெரியவர் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளும். அவளுக்கென ஓர் ஆய்ஸ்டர் கார்டு வாங்கி, 11 முதல் 15 வயது வரையிலான பார்வையாளர்களுக்குரிய இளையோர் சலுகையை அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 14 நாள்களுக்குப் பாதிக் கட்டணம்தான். அம்மாவுக்கு எந்தச் சலுகையும் இல்லை. முதியோருக்கான இலவச அட்டை லண்டன்வாசிகளுக்கு மட்டுமே உரியது.

பெரியவர்கள் மூவருக்கும் காண்டாக்ட்லெஸ் (தொட்டாலே பணம் செலுத்தும்) வங்கி அட்டையே எளிது. அதன் கட்டணம் ஆய்ஸ்டரின் பெரியவர் கட்டணமேதான். அதே நாள் உச்சவரம்பும் அதற்கு உண்டு. ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், குறிப்பிட்ட தொகையை எட்டியபின் மேற்கொண்டு பணம் பிடிக்கப்படாது. லண்டன் நடுவிலிருந்து வெளிநோக்கிக் கட்டண மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; 2025 மார்ச் கட்டணப்படி நடுப்பகுதியான 1, 2 மண்டலங்களுக்குள் அந்த வரம்பு 8.90 பவுண்டு. ஒருவருக்கு ஓர் அட்டை என்பது கட்டாயம். ஒரே அட்டையை மூவரும் மாற்றி மாற்றித் தொட முடியாது.

புறப்படும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரப்படும் இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸ் வசதியும் முடக்கப்பட்ட நிலையிலேயே வரும். வங்கிச் செயலியில் இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும். அட்டை வீசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பது நல்லது.

பதில்: கணக்குப்பேரேடு

மேலே சொன்னவை சரியானவையே, ஆனால் கிழமையைக் கவனிக்கவில்லை. வங்கி அட்டைக்கு வார உச்சவரம்பும் உண்டு (1, 2 மண்டலங்களுக்கு 44.70 பவுண்டு); ஆனால் அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியக் கணக்கிடப்படும். நீங்கள் வியாழன் வந்து புதன் திரும்புவதால், உங்கள் ஏழு நாள்கள் நான்காகவும் மூன்றாகவும் உடைந்து, எந்த வாரத்திலும் அந்த வரம்பை எட்டாமல் போய்விடும். தினமும் 8.90 என்று கட்டினால் ஏழு நாளைக்கு ஒருவருக்கு 62.30 பவுண்டு ஆகிறது. ஏழு நாள் டிராவல்கார்டோ எந்தக் கிழமையிலும் தொடங்கலாம்; விலை அதே 44.70. ஆகவே பெரியவர்கள் மூவருக்கும் ஆய்ஸ்டர் வாங்கி, அதில் டிராவல்கார்டை ஏற்றிக்கொள்வதே சிக்கனம் என்பது என் கருத்து.

பதில்: மாடிப்பேருந்து

கணக்கு தாளில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏழு நாளும் உச்சவரம்பு வரை பயணம் செய்வார்கள் என்ற அனுமானம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வந்திறங்கும் வியாழனன்று களைப்பில் அறைக்குப் போய்ப் படுப்பார்கள். புறப்படும் புதனன்று பெட்டி கட்டுவார்கள். மீதமுள்ள ஐந்து நாளும் முழு வரம்பை எட்டினால்கூட 44.50 பவுண்டுதான், அதாவது டிராவல்கார்டைவிட 20 பென்ஸ் குறைவு. 1, 2 மண்டல டிராவல்கார்டு ஆறாம் மண்டலத்திலுள்ள ஹீத்ரோ வரை செல்லாது என்பதால் போகவும் வரவும் கூடுதல் கட்டணம் தனி. ஆய்ஸ்டர் அட்டைக்கே திரும்பக் கிடைக்காத ஒரு விலை வேறு இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு மிச்சம் என்று எதுவும் தேறாது.

அதைவிட முக்கியமானது அம்மாவின் மூட்டுவலி. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் செல்ல முடியும். நல்வாய்ப்பாக நீங்கள் தங்கும் ஏர்ல்ஸ் கோர்ட் அவற்றுள் ஒன்று. அங்கிருந்து பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஏறினால் வெஸ்ட்மின்ஸ்டர், டவர் ஹில் இரண்டுக்கும் வண்டி மாறாமல் போகலாம். இரண்டிலும் லிஃப்ட் இருக்கிறது. அபேயும் கோபுரமும் இதிலேயே அடங்கிவிட்டன. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பலரும் ஹோல்போர்னில் இறங்கச் சொல்வார்கள், அங்கே லிஃப்ட் கிடையாது. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் உண்டு.

மற்ற இடங்களுக்குப் பேருந்தைப் பரிந்துரைப்பேன். எல்லாப் பேருந்துகளும் தாழ்தளம் கொண்டவை என்பதால் அம்மா படியேறாமல் நடைபாதையிலிருந்தே உள்ளே காலெடுத்து வைக்கலாம். ஏர்ல்ஸ் கோர்ட்டிலிருந்து 74ஆம் எண் பேருந்து சவுத் கென்சிங்டனுக்குப் போகும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கேதான். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து 15ஆம் எண் பேருந்து செயின்ட் பால் பேராலயத்தைக் கடந்து கோபுரத்துக்குப் போகும். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் பெருந்தொகை வாங்கிக்கொண்டு காட்டும் தெருக்களில் பாதியை இதன் மாடியின் முன்னிருக்கையில் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். ஒரு பயணம் 1.75 பவுண்டு, முதல் முறை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் மேற்கொண்டு கட்டணமில்லை. பேருந்தில் மட்டுமே சென்ற நாளுக்கு வரம்பு 5.25 பவுண்டுதான். ரொக்கம் 2014 முதல் எந்தப் பேருந்திலும் வாங்கப்படுவதில்லை.

ஐவர்பயணம்

மூவருக்கும் மிக்க நன்றி. பெரியவர்களுக்கு வங்கி அட்டை, மகளுக்கு மட்டும் ஆய்ஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் பெயரிலுள்ள டெபிட் அட்டையிலும் வெளிநாட்டுப் பயன்பாடு, காண்டாக்ட்லெஸ் ஆகிய இரண்டு வசதிகளையும் இயக்கச் சொல்கிறேன். சுற்றுலா பாஸ் பற்றி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நடைவழி

உங்கள் பட்டியலைப் பார்த்தவுடன், பாஸ் வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் குறிப்பிட்டவற்றில் பிரிட்டிஷ் மியூசியமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இலவசம். நேஷனல் கேலரியும் அப்படியே. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும்தான் கட்டணம். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை கோபுரமும் அபேயும், விரும்பினால் கிரீனிச் வானாய்வுக்கூடமும். நாள் கணக்கில் விற்கப்படும் பாஸ், ஒரே நாளில் கட்டண இடங்கள் மூன்றையாவது ஓடி ஓடிப் பார்ப்பவர்களுக்கே கட்டுப்படியாகும். மூட்டுவலியுள்ள ஒருவரையும் எட்டு வயதுப் பிள்ளையையும் அழைத்துச் செல்பவர், போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே என்று ஒவ்வோரிடத்திலிருந்தும் அவசரமாக வெளியேறுவது அந்தப் பாஸால் வரும் இன்னொரு நஷ்டம்.

கிழமை இங்கும் முக்கியம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் செயின்ட் பால் பேராலயமும் ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். சுற்றிப் பார்க்க அனுமதியில்லை. ஆகவே அபேயை வெள்ளியன்றோ திங்களன்றோ வைத்துக்கொண்டு, ஞாயிறைக் கிரீனிச்சுக்கு ஒதுக்குங்கள். பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை திறந்திருக்கும். மாலையில் கூட்டம் குறைந்தபின் போனால் அம்மாவுக்கு உட்கார இடமும் கிடைக்கும். அங்கே 33ஆம் அறையை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள், ஆந்திரத்தின் அமராவதித் தூபியிலிருந்து கொண்டுவரப்பட்ட சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன; எகிப்திய மம்மிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோபுரத்துக்குக் காலையில் திறக்கும் நேரத்திலேயே சென்று நேராக அரச நகைகளுக்குப் போய்விடுவது நல்லது. கோஹினூர் அங்கேதான் ராணித்தாயின் (இரண்டாம் எலிசபெத்தின் தாய்) கிரீடத்தில் பதிந்திருக்கிறது. நண்பகலில் அந்த வரிசை நீண்டுவிடும்.

கிரீனிச்சுக்கு டிஎல்ஆர் ரயிலில் செல்லுங்கள். எல்லா டிஎல்ஆர் நிலையங்களிலும் படியில்லா வழி உண்டு, அதோடு ஓட்டுநர் அறை இல்லாத வண்டி என்பதால் முதல் இருக்கையில் உட்கார்ந்தால் தண்டவாளம் முழுவதும் கண்முன் விரியும்; உங்கள் மகன் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான். கிரீனிச்சுக்கு நீங்கள் இறங்க வேண்டிய கட்டி சார்க் நிலையம் இரண்டாம் மண்டலத்துக்குள்ளேயே வருகிறது. ஆனால் பெரும்பாலான டிஎல்ஆர் நிலையங்களில் தடுப்பு வாயில்கள் இல்லை. கம்பத்தில் பொருத்திய மஞ்சள் வட்டத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீங்களாகவே நினைவு வைத்துத் தொட வேண்டும். இறங்கும்போது தொடாவிட்டால் முழுமையற்ற பயணமாகக் கொண்டு அதிகபட்சக் கட்டணம் எடுக்கப்படும். அது நாள் வரம்பிலும் சேராது. பேருந்தில் மட்டும் ஏறும்போது தொட்டால் போதும். திரும்பும்போது படகில் தேம்ஸ் வழியாக வர ஆசைப்பட்டால் அதே அட்டையில் வரலாம், ஆனால் அந்தக் கட்டணமும் வரம்புக்கு வெளியேதான்.

பதில்: தண்டவாளம்

மகளின் ஆய்ஸ்டரைப் பற்றி ஒரு சொல். ஹீத்ரோ சுரங்க ரயில் நிலையத்திலேயே அதை வாங்கி, முதல் வாயிலுக்குள் நுழையும் முன்பே ஊழியரிடம் சலுகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மகளையும் அவளது பாஸ்போர்ட்டையும் உடன் வைத்திருங்கள். அங்கிருந்து நீல நிற பிக்காடிலி தடம் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு நேராகப் போகும். வேகமாக இருக்கிறதே என்று ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள், அது உங்கள் திசையில் போவதும் இல்லை, வரம்பில் சேர்வதும் இல்லை. அவள் அட்டையில் முதலில் சிறு தொகை மட்டும் ஏற்றுங்கள். குறைந்தால் எந்த நிலையத்திலும் இயந்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம், ஊர் திரும்பும்போது மீதமிருந்தாலும் அந்தத் தொகை காலாவதியாகாது.