பக்கத்துக் காட்டுக்காரர் ஆயிரம் அடி போர் போட்டால் சண்டை வருமா?

நல்லம்பள்ளிக்காரன்:
டீக்கடையில் தொடங்கிய பேச்சு முடியவில்லை, இங்கே போடுகிறேன். இரண்டு வல்லரசுகள் போட்டி போட்டு ஆயுதம் குவித்தால் அது சண்டையில்தான் போய் நிற்கும் என்பது என் கட்சி. 1906-இல் இங்கிலாந்து டிரெட்நாட் என்ற போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது, அதுவரை இருந்த கப்பல்கள் எல்லாம் பழைய இரும்பு மாதிரி ஆகிவிட்டன, ஜெர்மனியும் விடாமல் அதே மாதிரி கட்டத் தொடங்கியது, 1909-இல் எட்டுக் கப்பல் வேண்டும், காத்திருக்க மாட்டோம் என்று இங்கிலாந்தில் கோஷமே போட்டார்கள். 1914-இல் முதல் உலகப் போர் வந்ததை நான் சொல்ல வேண்டுமா?

ஓசூர் லேத்து:
சொல்லத்தான் வேண்டும் அண்ணா. அந்தக் கப்பல் போட்டி 1912-லேயே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஜெர்மனிக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை, காசைத் தரைப்படைக்குத் திருப்பிவிட்டார்கள். தீப்பற்றிய இடம் கடலும் இல்லை, ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்ற சரயேவோ நகரம்.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மாமனாருக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் 600 அடிக்கு போர் போட்டார். மாமனார் 850. அவர் 1,100. (போர்வெல்லை நாம் போர் என்று சொல்வதால் மட்டும் போர் வந்துவிடாது!) இன்றும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இரண்டு பேருக்கும் கடன், அவ்வளவுதான். அமெரிக்காவும் சோவியத்தும் அதே கதைதான். 1986 வாக்கில் உலகத்தில் சுமார் 70,000 அணுகுண்டுகள், கிட்டத்தட்ட எல்லாமே இந்த இரண்டு பேருடையவை. மோதினார்களா? 1991-இல் ஒருவர் கடையையே மூடிவிட்டுப் போனார்.

நல்லம்பள்ளிக்காரன்:
மோதாதது சாமர்த்தியமா, அதிர்ஷ்டமா தம்பி? 1983 செப்டம்பர் 26, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருகின்றன என்று சோவியத் செயற்கைக்கோள் எச்சரிக்கை கொடுத்தது. பணியில் இருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி, உண்மையாக அடிப்பவன் ஐந்தை மட்டுமா அனுப்புவான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தில் பட்ட வெயில்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் அவசரக்குடுக்கை ஒருவன் இருந்திருந்தால்? அப்புறம், நேருக்கு நேர் மோதவில்லை என்கிறீர்களே, கொரியாவிலும் வியட்நாமிலும் செத்தவர்கள் யார் கணக்கில் வருவார்கள்?

ராயக்கோட்டைத் தக்காளி:
எங்கள் கோட்டை மேல் ஏறி நின்றால் வேறு கதை தெரியும். 1792 உடன்படிக்கையில் திப்புவின் ராஜ்யத்தில் பாதி போயிற்று, நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாரமகாலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. ஏழே வருடம், 1799 மார்ச்சில் கும்பெனித் தளபதி ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்தது, மே 4-இல் திப்பு இறந்தார். அவர் சரிக்குச் சரியாக இருந்தபோதா முடித்தார்கள்? இளைத்த பிறகுதானே! போட்டியை விட்டவன்தான் அடி வாங்குகிறான்.

நல்லம்பள்ளிக்காரன்:
இளைத்ததே 1792 சண்டையில்தானே. அந்தச் சண்டை எப்படி வந்ததாம்?

பென்னாகரம் வாத்தியார்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குண்டு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், நான் காலண்டரைப் பார்க்கச் சொல்வேன். முதல் உலகப் போருக்கு முன் ரஷ்யா பிரெஞ்சுக் கடனில் மேற்கு எல்லைக்கு ரயில் பாதை போட்டது, படையையும் பெருக்கியது. 1917-க்குள் அந்த வேலை முடிந்துவிடும் என்று ஜெர்மன் தளபதிகள் கணக்குப் போட்டார்கள். ரஷ்யா மெதுவாகத்தான் ஆள் திரட்டும், அதற்குள் பிரான்சை முடித்துவிடலாம் என்பதுதான் அவர்கள் திட்டமே. இன்றைக்கு விட்டால் நாளைக்கு முடியாது என்ற பயம் ஒருவனுக்கு வந்துவிட்டால் ஆபத்து, அது வராதவரை வெறும் செலவு. அர்ஜென்டினாவும் சிலியும் இப்படித்தான் கப்பல் வாங்கிக் குவித்தன, 1902-இல் உட்கார்ந்து பேசி நிறுத்திக்கொண்டன.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. அதியமானுக்காகத் தூது போன ஔவையிடம் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டினான். எல்லாம் மயிற்பீலி கட்டி, நெய் பூசிப் பளபளவென்று இருந்தன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் இதைப் புகழ்ச்சி என்று நடத்துவேன், எனக்கென்னவோ மிரட்டல் என்றுதான் படுகிறது.

நல்லம்பள்ளிக்காரன்:
சார், அர்ஜென்டினா அதில் விட்ட இரண்டு கப்பல்களை ஜப்பான் வாங்கி, 1904-இல் ரஷ்யாவோடு நடந்த போரில் இறக்கியது. செய்த ஆயுதம் சும்மா கிடக்காது. அதிருக்கட்டும், லேத்து தம்பி, உங்கள் மாமனார் போரில் இப்போது எவ்வளவு தண்ணீர்?

ஓசூர் லேத்து:
பங்குனியோடு நின்றுவிட்டது. பக்கத்துக்காரர் இன்னும் 200 அடி இறக்க வண்டிக்குச் சொல்லியிருக்கிறாராம்.

நல்லம்பள்ளிக்காரன்:
மாமனார் என்ன சொல்கிறார்?

ஓசூர் லேத்து:
வரப்புக் கல்லை நகர்த்திவிட்டார் என்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் அது வேறு தகராறு அண்ணா, போருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நல்லம்பள்ளிக்காரன்:
சரயேவோவும் வேறு தகராறுதான்.

ஓசூர் லேத்து:
வண்டி வெள்ளிக்கிழமை வருகிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.