நரம்பு நோயிலிருந்து மீண்ட பெட்டைக் குதிரையைச் சினைக்குச் சேர்க்கலாமா?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம். என்னிடம் எட்டு வயதுக் கத்தியவாரி இனப் பெட்டை ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் வாங்கினேன். போன மார்கழியில் அவளுக்கு 104 டிகிரி காய்ச்சல். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று மாலை தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திக்கொண்டு போனபோது பின்னங்கால்களை இழுத்து இழுத்து வைத்தாள். குளம்பின் முனை சிமெண்ட் தரையில் உரசி இரண்டு வெள்ளைக் கோடுகள் விழுந்தன. மறுநாள் வால் ஈரத்துணி போலத் தொங்கியது. சிறுநீர் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடிந்து, தொடையின் உட்புறம் வெந்துபோனது. மூக்குச் சளியையும் இரத்தத்தையும் பரிசோதித்ததில் ஈஎச்வி-1 என்ற ஹெர்பிஸ் வைரஸ் என்று தெரிந்தது. பதினொரு நாட்கள் இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, படுத்துவிடாமல் காவல் இருந்தோம்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. நேராக நன்றாக நடக்கிறாள். சிறு வட்டத்தில் திருப்பினால் மட்டும் வெளிப்பக்கத்துப் பின்னங்கால் அகன்று வீசுகிறது. பருவத்துக்கு ஒழுங்காக வருகிறாள். அவளிடமிருந்து ஒரு குட்டியாவது எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. "நரம்பு நோய் கண்ட தாய்க்கு நரம்பு நோய்க் குட்டிதான் பிறக்கும்" என்கிறார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். இது உண்மையா? இன்னொரு கவலையும் உண்டு. சென்ற மாதம் ஆறு மாதச் சினையோடு வேறொரு பெட்டை வாங்கியிருக்கிறேன். இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

லாடம் எழுதியது:

தம்பி, பெரியவர் சொன்னது உங்கள் குதிரைக்குப் பொருந்தாது. இது பரம்பரை நோய் அல்ல, தொற்று. ஆனால் நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன கவலையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். காரணத்தைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சினைப் பெட்டைகள் நான்கு இருந்தன. ஒரு நாள் விடியற்காலை லாயத்தைத் திறந்தால், ஒன்பது மாதக் குட்டி பனிக்குடத்தோடு வைக்கோல் மேல் கிடந்தது. தாய் எந்த வலியும் இல்லாதவளைப் போலக் கொள்ளு தின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, மடி இறங்கவில்லை, முன்னறிகுறி எதுவுமே இல்லை. கால் இடறி விழுந்திருப்பாள், அதனால் குட்டியை வீசிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இறந்த குட்டியைச் சாக்கில் போட்டு, மற்ற மூன்று பெட்டைகளும் கட்டியிருந்த முற்றத்தின் வழியாக இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தேன். மூன்று வாரங்களுக்குள் மேலும் இரண்டு பெட்டைகள் குட்டி வீசின. இந்த வைரஸால் வீசப்பட்ட குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கிருமி நிரம்பிக் கிடக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் அறிந்தேன். அந்தச் சாக்கு இழுபட்ட தடத்தை நான் கழுவக்கூட இல்லை.

உங்கள் குதிரையின் காலை இழுத்ததும் என் குதிரைகளின் குட்டிகளைக் கொன்றதும் ஒரே வைரஸ்தான். இது மூக்கு வழியாக நுழைந்து இரத்தத்தில் ஏறி, நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்கே இரத்தம் உறைந்து அடைக்கிறது. தண்டுவடத்தில் அப்படி நடந்தால் பின்னங்கால், வால், சிறுநீர்ப்பை மூன்றும் சோர்ந்துபோகின்றன. கருப்பையின் குழாய்களில் நடந்தால் நஞ்சுக்கொடி பிரிந்து குட்டி வெளியே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் கென்டக்கியில் 1933 இல் டிமாக், எட்வர்ட்ஸ் என்ற இருவர் கருச்சிதைவுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று காட்டினார்கள். வாதம் கண்ட குதிரையிலிருந்து அதே வைரஸை நார்வேயில் பிரித்தெடுத்தது 1966 இல். நடுவே 33 ஆண்டுகள். கால் இழுக்கும் குதிரையைப் பார்த்துச் சினைப் பெட்டையைப் பற்றி யோசிக்க நம்மில் பலருக்கு இன்றும் தோன்றுவதில்லை.

மீண்ட குதிரையின் உடலில் இந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளிலும் நிணநீர்த் திசுக்களிலும் ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கும். நெடுந்தூரப் பயணம், இடமாற்றம், வேறு நோய், ஸ்டீராய்டு ஊசி போன்றவற்றால் மறுபடி விழித்து மூக்கு வழியாக வெளியேறலாம். கிருமியைச் சுமக்கும் குதிரை அப்போது நலமாகவே தெரியும். ஆகவே சினைப் பெட்டையை இன்றே வேறு கொட்டகைக்கு மாற்றுங்கள். அவளுக்குத் தனி வாளி, தனித் தொட்டி, தனிக் கயிறு வேண்டும். வேலையாள் காலையில் அவளை முதலில் கவனித்துவிட்டு மற்றவளிடம் போகட்டும். கருச்சிதைவுக்கு எதிரான தடுப்பூசியை வழக்கமாகச் சினையின் 5, 7, 9 ஆம் மாதங்களில் போடுவார்கள். முதல் ஊசி தவறியிருந்தால் டாக்டரிடம் உடனே கேளுங்கள். ஊசி ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. கால் வாதத்தைத் தடுப்பதாக அந்த ஊசியை நம்பிவிடவும் வேண்டாம்.

பழைய கடிவாளம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

ஈஎச்வி-1 வந்து மீண்ட பெட்டையின் கருத்தரிக்கும் திறன் பொதுவாகக் கெடுவதில்லை. குட்டி வீசிய பெட்டைகளும் அடுத்த முறை நல்லபடி ஈனுகின்றன. பெரியவர் சொன்ன பரம்பரைப் பேச்சுக்கு இடம் தரும் நோய் வேறு: கழுத்தெலும்பின் உள்துளை குறுகித் தண்டுவடம் நெருக்கப்படும் தள்ளாட்டம். வேகமாக வளரும் இளங்குதிரைகளில் இது வரும். அந்தத் தள்ளாட்டம் உள்ள குதிரையை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ள நான் பரிந்துரைப்பதில்லை.

நம் நாட்டில் சர்ராவையும் மறக்கக்கூடாது. கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி அது. விட்டு விட்டு வரும் காய்ச்சல், அடிவயிற்று வீக்கம், இளைப்பு, பிறகு பின்புறத் தளர்ச்சி, சினை கலைதல் எல்லாம் அதிலும் உண்டு. சேர்ப்பதற்கு முன் இரு குதிரைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பொலிக்குதிரைக்கு அண்மையில் கடும் காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். விந்தணு உருவாகச் சுமார் 57 நாட்கள் ஆகும் என்பதால், காய்ச்சலின் பாதிப்பு இரண்டு மாதம் வரை தெரியும்.

பவானிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சினைப் பெட்டையை மதியமே மாமா வீட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். நோயிலிருந்து மீண்டவளைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம். அவளுடைய வால் இன்னும் பாதிதான் உயர்கிறது. இதனால் இடைஞ்சல் உண்டா?

லாடம் எழுதியது:

உண்டு தம்பி, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. வாலுக்குப் போகும் நரம்புகளுக்கு அடுத்துதான் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்பின் தசைகளுக்கும் போகும் நரம்புகள் இருக்கின்றன. பக்கவாட்டில் நின்று வாலை மெல்ல உயர்த்திப் பாருங்கள். நல்ல குதிரை கையை எதிர்த்து அழுத்தும். பிறகு பிறப்புறுப்பின் உதடுகளைக் கவனியுங்கள். இறுக மூடியிருக்கின்றனவா, தளர்ந்து பிளந்திருக்கின்றனவா? நடக்கும்போது காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கிறதா? காற்றோடு சாணத்துகளும் உள்ளே போனால் கருப்பையில் அழற்சி வரும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் உள்ளே தேங்கினாலும் சினை நிற்காது. பருவம் ஒழுங்காக வந்தும் சினை பிடிக்காத பெட்டைகள் சிலவற்றில் காரணம் இதுதான். உதடுகளின் மேற்பகுதியைத் தைத்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஈனும் முன் தையலைப் பிரித்துவிட வேண்டும்.

அடுத்தது பாரம். பொலிக்குதிரை ஏறும்போது அந்த எடையைப் பின்னங்கால்களே தாங்க வேண்டும். கால் சறுக்கினால் இரண்டு குதிரைகளுக்கும் ஆபத்து. பதினொரு மாதச் சினையில் கடைசி மூன்று மாதங்கள் இன்னும் கடினம். ஈன்ற பிறகு தானாக எழுந்து நிற்க வேண்டும், தள்ளாடிக் குட்டியின் மேல் விழுந்துவிடக்கூடாது. படுத்து எழுந்திருக்கும்போது அவள் எத்தனை முறை முயல்கிறாள் என்று ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். ஒரே முயற்சியில் எழுகிறாள் என்றால் நான் சேர்ப்பேன், அதுவும் செயற்கைக் கருவூட்டலுக்கு வசதி கிடைத்தால் மட்டும். இரண்டு மூன்று முறை முட்டி மோதித்தான் எழுகிறாள் என்றால் இன்னும் ஆறு மாதம் விட்டுவிடுங்கள். நரம்பு தேற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

பவானிக்கரை எழுதியது:

இன்று விடியற்காலை நான்கு மணிக்கு லாயத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு முறை முயன்று, மூன்றாம் முறையில் எழுந்தாள். வாலை உயர்த்தியபோது கொஞ்சம் எதிர்த்தாள், ஆனால் வலுவாக இல்லை. இந்த ஆண்டு சேர்க்கப்போவதில்லை. வியாழக்கிழமை டாக்டர் வருகிறார். சினைப் பெட்டைக்குக் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்று காலை 100.2.