நம்ம தெரு, புதுவயல் (வாட்ஸ்அப் குழு)

வெள்ளி, இரவு 8.10

நான்: அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 2025 டிசம்பர் 19 அன்று, சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கிற எஸ்.ஐ.ஆர்.) வந்த வரைவு வாக்காளர் பட்டியலை இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நம் தெருவில் மட்டும் பதினோரு பெயர் இல்லை. தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது என்று செய்தியில் படித்தபோது எங்கேயோ நடக்கிற மாதிரி இருந்தது. நம் வீட்டு எண்ணில் விரலை வைத்தபோதுதான் உறைத்தது.

இளையான்குடி மதினி: என் பெயர்?

நான்: இல்லை மதினி. இளையான்குடியில் குடிபெயர்ந்தவர் என்று எடுத்தாயிற்று. இங்கே சேர்க்கவே இல்லை. நிக்காஹ் முடிந்து இரண்டு வருஷத்தில் அண்ணன் ரேஷன் கார்டில் உங்களைச் சேர்த்தார், கேஸ் புக்கிலும் சேர்த்தார். இதை மட்டும் விட்டுவிட்டார்.

அண்ணன்: வேலை இருந்தது.

இளையான்குடி மதினி: 🙂

நான்: புதிதாகச் சேரப் படிவம் 6, அதோடு உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். முந்தைய தீவிரத் திருத்தத்தின் பழைய பட்டியலில் உங்கள் அத்தா, அம்மா பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று இளையான்குடிக்குப் போன் போட்டுக் கேட்டு வையுங்கள். அதுதான் நேரம் பிடிக்கும்.

பெரிய வீட்டு ஆச்சி: எங்கள் பிள்ளைகள் ரெண்டு பேர் பெயரும் காணோமாம். முன்னோர் படைப்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்து போனால் அப்படித்தான். வீடு பூட்டிக் கிடக்கிறதல்லவா.

நான்: அவர்கள் சென்னையில் சேர்ந்திருந்தால் சரிதான் ஆச்சி. ரெண்டு ஊரிலும் இருக்கக் கூடாது.

பெரிய வீட்டு ஆச்சி: அங்கேயும் சேரவில்லை ஆத்தா. அதுதான் கூத்து.

சின்னத்தா: பெயர் இருந்து மட்டும் என்ன கண்டோம்? நோன்பு வந்தால் எல்லாக் கட்சியும் தொப்பி போட்டுக்கொண்டு கஞ்சி குடிக்க வருகிறது. கபர்ஸ்தான் சுவருக்கு எத்தனை மனு கொடுத்தோம்? நான் ரெண்டு தேர்தலாகப் போகவில்லை. அந்த நேரம் கடையில் இருந்தால் நாலு காசு வரும்.

சார் மாமு: நான் ஆறு தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன். நீ யாருக்குப் போட்டாய் என்று எவனுக்கும் தெரியாது. எத்தனை பேர் போட்டீர்கள் என்பது அன்று சாயங்காலமே தெரியும். மிஷினை மூடும்போது 17சி என்று ஒரு படிவம் எழுதி ஏஜெண்டுகள் கையில் கொடுப்போம். எண்ணி முடித்தபிறகு சாவடி வாரியாகவே கணக்கு வெளியாகும். வேட்பாளர் அதைத்தான் உட்கார்ந்து புரட்டுவார். நம் சாவடியில் பாதிப் பேர் வரவில்லை என்று அதில் தெரிந்தால் உன் சுவர் மனுவை எங்கே வைப்பார்?

சின்னத்தா: முழுசும் வந்தாலும் அங்கேதான் வைப்பார்.

சார் மாமு: வைக்கலாம். ஓட்டுப் போட்ட மறுநாள் சுவர் எழும்பும் என்று நான் சொல்லவில்லையே.

சார் மாமு: இன்னொன்று. முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் அரசியல் நிர்ணய சபையில், முஸ்லிம்கள் மட்டும் ஓட்டுப் போட்டு முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிற தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று வாதாடினார். 1909இலிருந்து இருந்த முறை அது. சபை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா மதத்துக்கும் ஒரே பட்டியல் என்று முடிவாகி, அரசியலமைப்பின் 325ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று மனுஷர் வீட்டில் உட்காரவில்லை. அதே பொதுப் பட்டியலில் நின்று 1962, 1967, 1971 என்று மூன்று தடவை கேரளத்து மஞ்சேரியில் எம்.பி.யாக ஜெயித்தார். அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தோ வரியோ படிப்போ இருந்தால்தான் ஓட்டு. உன் பாட்டனாருக்கு அது எதுவும் கிடையாது, உனக்கே தெரியும்.

(சின்னத்தா ஒரு 👍 போட்டார். ஒத்துக்கொண்டாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா, தெரியவில்லை.)

குவைத் தம்பி: அக்கா, என் பெயர்?

நான்: ஊரில் இல்லாதவர் கணக்கில் போய்விட்டது. உனக்கு வெளிநாட்டில் இருக்கிற இந்தியருக்கான படிவம் 6ஏ, பாஸ்போர்ட் நகலோடு. ஆனால் அங்கிருந்தபடியே போட முடியாது. நேரில் வரவேண்டும், சாவடியில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும்.

குவைத் தம்பி: டிக்கெட்டை யார் எடுப்பது 😄

பினாங்கு பெரியத்தா: எனக்கும் 6ஏதானே?

சார் மாமு: அண்ணே, நீங்கள் மலேசியக் குடியுரிமை வாங்கி முப்பது வருஷம் ஆகிறது. உங்கள் ஓட்டு அங்கே. எங்களுக்கு துஆ செய்யுங்கள், போதும்.

குவைத் தம்பி: [பலமுறை பகிரப்பட்டது] நம் சமுதாயம் மொத்தமும் இந்தத் தடவை...

சார் மாமு: தம்பி, அதை அழி. வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. பள்ளிவாசலிலும் நாளை ஜமாஅத் சொல்லப்போவது பெயர் சேர்க்கிற முகாம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது மட்டும்தான். யாருக்கு என்பது அவரவர் பாடு. இந்தக் குழுவில் ஆச்சியும் இருக்கிறார்.

பெரிய வீட்டு ஆச்சி: நான் இருந்தால் என்ன, யார் போட்டாலும் அது தப்புத்தான்.

(இந்தத் தகவல் நீக்கப்பட்டது)

மாமி: ரெண்டு கேள்வி. முகத்தை மூடிக்கொண்டு போனால் ஆம்பிளைகள் முன்னால் திறக்கச் சொல்வார்களா? அப்புறம் அந்த மை. அதோடு ஒளு (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) கூடுமா?

சார் மாமு: முன்கூட்டியே சொன்னால் பெண் அலுவலர் மறைவாக வைத்துப் பார்ப்பார், மையும் அவரே வைப்பார். அதற்கு விதியே இருக்கிறது. என் சாவடியில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தடுப்பு வைத்தோம்.

நான்: மையைப் பற்றிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன் மாமி. மருதாணி மாதிரிதான், தோலில் ஏறுகிற சாயம், தண்ணீரைத் தடுக்கிற படலம் இல்லை என்றார். 1962 தேர்தலிலிருந்து மைசூரில் காய்ச்சி வருகிற மை. கழுவினாலும் போகாது, அதற்குத்தானே வைப்பதே.

மாமி: அப்படியானால் சரி. சின்னவளுக்கு மார்ச்சில் 18.

நான்: முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் கணக்கு.

நான்: பெயர் இருக்கிறவர்களும் ஒரு தடவை பாருங்கள். முகமது, முஹம்மது, முகம்மது, மொகமது என்று நாலு விதமாக அடித்துத் தேடினேன். ஒரே வீட்டில் அத்தா ஒரு முகமது, மகன் வேறு முகமது. நம் நன்னி (பாட்டி) ஒரு காகிதத்தில் பாத்திமா பீவி, இன்னொன்றில் பாத்துமா பிவி. அதனால் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். வாக்காளர் கார்டில் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும், அதை அடியுங்கள். பிழை இருந்தால் படிவம் 8. இல்லையென்றால் 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பெரிய வீட்டு ஆச்சி: நாளைக்கு முகாமுக்கு ஆட்டோ போகிறதா? எனக்கும் ஓர் இடம் வை.

நான்: வைக்கிறேன் ஆச்சி. பத்து மணி. மதினி, மாமி, சின்னவள், நீங்கள்.

இரவு 11.42

சின்னத்தா: [படம்]

சின்னத்தா: என் கார்டு. பெயர் இருக்கிறதா என்று சும்மா பார்த்துச் சொல்.

நான்: இருக்கிறது சின்னத்தா. வரிசை எண் 614. வயது சரி, வீட்டு எண் சரி. பாலினம் மட்டும் பெண் என்று இருக்கிறது.

சின்னத்தா: என்னது?

அண்ணன்: 😂😂😂

நான்: படிவம் 8. பத்து மணிக்கு ஆட்டோவில் இடம் இல்லை, நீங்கள் டிவிஎஸ்ஸில் வந்துவிடுங்கள். ஒரு பேனாவும் எடுத்து வாருங்கள், இன்று அங்கே எல்லாருக்கும் ஒரே பேனாதான் ஓடியது.