மண்ணும் மாவும்: "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன பதில்கள்

நான் தூத்துக்குடியில் ஒரு சிறிய அடுமனை நடத்துகிறேன். அதற்கு முன்பு, 1850-இல் ஓவியப் பள்ளியாகத் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கிவரும் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சுடுமண் கலை படித்தேன். இப்போதும் காலையில் அடுப்பிலும் மாலையில் சூளையிலும் என் நாள் கழிகிறது. புதிதாகச் சந்திப்பவர்களிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று ஊர் திரும்பிய நாளில் நான் எதிர்பார்க்கவில்லை. இதே சங்கடத்தில் இருக்கும் யாருக்கேனும் பயன்படும் என்பதற்காக, நினைவில் நிற்கும் சில சந்திப்புகளை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த பெரியம்மா, "ஏட்டி, மெட்ராஸ்ல போயி அஞ்சு வருசம் படிச்சிட்டு இப்ப பன்னு சுடுதியாமே?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் குரலில் ஏளனம் துளியும் இல்லை. பெண்ணின் படிப்பு வீணாகிவிட்டதே என்ற கவலைதான் இருந்தது. அந்தக் கவலையைத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான், "பன்னு இல்ல பெரியம்மா, நான் கேக் ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டேன். அன்று வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்தேன். அது ஊரில் பரவியதும் பிறந்தநாள் கேக்குகளுக்கான ஆர்டர்கள் வரத் தொடங்கின. சர்க்கரைப் பூக்களைப் பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் நான் மிகவும் நேசித்துச் செய்த ரொட்டியையும், மக்ரூன் என்ற முந்திரி இனிப்பையும் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஆர்ட்டிஸ்ட் என்றால் விசேஷ நாளுக்கு மட்டும் போக வேண்டிய இடம் என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் தவறில்லை, நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

சென்னையில் ஒரு கண்காட்சித் திறப்பு விழாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. என் மண் கிண்ணங்களை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், நான் அடுமனையும் நடத்துகிறேன் என்றதும், "ஓ, அது பொழுதுபோக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து செய்யும் வேலையை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டார்கள்.

இந்த இரு வேலைகளுக்கும் இடையே உள்ள உறவை நான் அறிந்துகொண்டது கல்லூரியில் அல்ல, எனக்கு மக்ரூன் கற்றுக்கொடுத்த அண்ணாச்சியிடம். எங்கள் பக்கத்து பேக்கரிகளில் அடுப்படிக்குப் பொறுப்பானவரை 'மாஸ்டர்' என்பார்கள். அவர் விறகு அடுப்பில் பல்லாண்டுகள் வேலை செய்து தேர்ந்த மாஸ்டர். தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி ஆகிய மூன்றே பொருள்கள். ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்யப்படும் இந்தப் பண்டம், முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பாதாமின் இடத்தைப் பிடித்த முந்திரியும் பிரேசிலிலிருந்து அவர்களே கொண்டுவந்த மரம்தான்.

அண்ணாச்சி முதல் வாரம் முழுவதும் என்னை முட்டை உடைக்க மட்டுமே விட்டார். மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் வெண்கரு நுரைத்து எழாது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. எழாத நுரையை என் கையாலேயே கொட்டவைத்தார். சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் நுரை பளபளப்பேறிக் கனக்கத் தொடங்கும். விரலால் தொட்டு எடுத்தால் நுனி சாயாமல் நிற்க வேண்டும். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. முந்திரிப் பொடியை அதன்பிறகுதான் சேர்ப்பார். முந்திரியில் உள்ள கொழுப்பு நுரையை உடைத்துவிடும் என்பதால் நாலைந்து புரட்டலுக்கு மேல் கை ஓடக்கூடாது. பின்பு காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் சுழித்துச் சுழித்துக் கூம்பு கூம்பாக வைப்பார். பன்னும் ரொட்டியும் வெந்து முடிந்தபின் தணிந்துகொண்டிருக்கும் அடுப்பின் மிச்சச் சூட்டில்தான் மக்ரூன் வேகும், இல்லை, காயும் என்பதே சரி.

அந்த மிச்சச் சூடுதான் எனக்குப் பழகிய இடம். சூளையிலும் அப்படித்தான்: ஆயிரம் டிகிரிவரை ஏற்றுவதைவிட, அதை அவசரப்படாமல் ஆறவிடுவதில்தான் பாண்டம் தப்பிப் பிழைக்கிறது. ஒரு நாள் அண்ணாச்சியிடம், மண்ணைப் பிசைவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவதற்கு, ரொட்டி மாவைப் பிசைவதோ உண்டாகப்போகும் காற்றைப் பிடித்துவைப்பதற்கு என்று சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஒரு கை ரெண்டு மாதிரி பழகணும், இல்லம்மா?" என்றார். என் வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தன்னை யாரிடமும் மாஸ்டர் என்று அறிமுகம் செய்துகொண்டதும் இல்லை. யாராவது கேட்டால், "இன்னைக்கு எட்டுக் கிலோ மக்ரூன் போட்டிருக்கேன்" என்பார். அன்றைய வேலையைச் சொல்வார், அவ்வளவுதான்.

அதை நானும் முயன்று பார்த்தது ஒரு வங்கியில். புதிய மின்சார அடுப்பு வாங்கக் கடன் கேட்டுப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்தின்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைவினைஞர்களுக்காக ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுக் கைத்தொழில்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. மண்பாண்டம் செய்பவர் இருக்கிறார், பூமாலை கட்டுபவரும் மீன்வலை பின்னுபவரும் இருக்கிறார்கள், ரொட்டி சுடுபவர் இல்லை. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற தொழில்கள் ஒவ்வொன்றும் அதற்குத் தகுதியானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் ஒரே கை மாலையில் கைவினைஞருடையதாகவும் காலையில் அப்படி இல்லாததாகவும் ஆவது என்னை வருத்தியது. அடுமனைக்குப் பொருந்தியது குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம். அப்போது அதில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் இருந்தது. அதன் விண்ணப்பத்தோடு தொழிலை விளக்கும் குறிப்பில், "வெண்கரு, சர்க்கரை, முந்திரி கொண்டு தினமும் ஆறு கிலோ மக்ரூன் செய்கிறேன், அவற்றை வைத்து விற்கும் மண் சாடிகளையும் நானே செய்கிறேன்" என்று எழுதினேன். அதுவரை நிமிர்ந்து பார்க்காத அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "மழைக்காலத்துல நமுத்துப் போகாதா மேடம்?" என்று கேட்டார். கடற்கரை ஊரில் மக்ரூன் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. சாடியின் மூடியை எப்படி இறுக்கமாகப் பொருந்தச் செய்கிறேன் என்று விளக்கினேன். கடன் கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின, ஆனாலும் அந்த உரையாடல் எனக்கு நிறைவாகவே இருந்தது.

அதன்பின் 'அடுமனை' என்று பெயர்ப்பலகையில் எழுதினேன். அடுதல் என்றால் சமைத்தல். ஈழத்தமிழர் 'வெதுப்பகம்' என்கிறார்கள், அதுவும் அழகிய சொல். ஆனால் நேரில் கேட்பவர்களிடம் இப்போது பெயரைவிட வேலையைத்தான் முதலில் சொல்கிறேன்.

சென்ற மாதம் முத்துநகர் விரைவு ரயிலில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எதிர் இருக்கையில் இருந்த முதியவர் என் மடியிலிருந்த சாடியைக் காட்டி, "என்னம்மா இது?" என்று கேட்டார். காலையில் சுட்ட மக்ரூன் என்றும், சாடியும் நான் சுட்டதுதான் என்றும் சொல்லி, ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் உடனே வாயில் போடவில்லை. திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த இளம்பழுப்பு நிறத்தை நகத்தால் தடவினார், பிறகு சாடியை வாங்கி அதன் அடியையும் அதேபோல் பார்த்தார். முப்பது ஆண்டுகள் செங்கல் சூளையில் நெருப்பு வைத்தவராம்.

"ரெண்டுக்கும் ஒரே பக்கந்தான் சூடு கூடியிருக்கு. நீ எப்பவும் இடப்பக்கம் நின்னுதான் தீயப் பாப்பியோ?" என்று கேட்டார்.

நான் அப்படித்தான் நிற்கிறேன் என்பது அவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. கோவில்பட்டி வருவதற்குள் நாங்கள் இருவரும் சூட்டைப் பற்றி மட்டுமே பேசி முடித்திருந்தோம். என்னுடைய பெயரையோ படிப்பையோ அவர் கேட்கவே இல்லை.