மறு: ‘எனர்ஜி இன்டென்சிட்டி’க்குத் தமிழ்ச் சொல்

> ‘ஆற்றல் செறிவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? இன்டென்சிட்டிக்குப் பாடநூலில் செறிவுதானே இருக்கிறது.

ஒளிச்செறிவுக்குச் சரி, இங்கே இடிக்கிறது ஐயா. ‘ஆற்றல் செறிவு’ என்றால், மின்கலத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். நாம் பேசுவதோ, ஒரு பகுதி (மாநிலமோ மாகாணமோ) ஓர் அலகு உற்பத்தி மதிப்புக்கு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதை. அதனால் ‘ஆற்றல் செலவு வீதம்’ என்கிறேன். (வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்கிறோமே, அப்படி ‘ஆற்றல் குடிப்பு’ என்று வைக்கத்தான் ஆசை. அறிக்கையில் ஏறாது.)

எந்தச் சொல்லை வைத்தாலும் எஃபிஷியன்சியோடு கலந்துவிடக் கூடாது. ஒரு பகுதியில் உருக்காலைகளை மூடிவிட்டு மென்பொருள் அலுவலகங்கள் வந்தால் செலவு வீதம் மளமளவென்று இறங்கும். ஆனால் எந்த உலையும் சீர்ப்பட்டிருக்காது. உருக்கை வெளியிலிருந்து வாங்குவார்கள், புகை அங்கே கிளம்பும், அவ்வளவுதான்.

எஃபிஷியன்சி ஒப்பிட்டுப் பார்ப்பது. மூலதனம், உழைப்பு, ஆற்றல் மூன்றையும் சேர்த்துவைத்து, இருப்பதில் சிறந்த பகுதிகளைக் கொண்டு ‘ஃபிரான்டியர்’ என்னும் ஓர் எல்லைக்கோடு போடுகிறார்கள். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1978-இல் தந்த முறை இது. 2006-இல் ஹூ, வாங் என்ற இரு ஆய்வாளர்கள் சீனாவின் 29 பகுதிகளை இதைக் கொண்டு அளந்தார்கள். அந்தக் கோட்டின்படி எவ்வளவு ஆற்றல் போதுமோ, அதை உண்மையில் செலவானதால் வகுப்பார்கள். 0.8 வந்தால் செலவானதில் ஐந்தில் ஒரு பங்கு மிகை. இதற்கு ‘ஆற்றல் பயனுறுதிறன்’ பொருந்தும். வெறும் ‘திறன்’ வேண்டாம், இயற்பியல் அதைப் பவருக்கு எடுத்துக்கொண்டது.

அப்புறம், குறைகரிமப் பொருளாதாரம் என்று வந்துவிட்டால் கார்பன் உமிழ்வையும் ஒரு வெளியீடாகவே (அவுட்புட்) கணக்கில் சேர்க்கிறார்கள். அதற்கு ‘வேண்டா வெளியீடு’ போதும். ‘விரும்பத்தகாத வெளியீடு’ சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

* * *

> ஓர் எல்லைக்கோடு போடுகிறார்கள்

செலவு வீதம், பயனுறுதிறன், வேண்டா வெளியீடு மூன்றும் எனக்குச் சம்மதம். இந்த ‘எல்லைக்கோடு’தான் உதைக்கிறது. பகுதிவாரியாக அளக்கும் அறிக்கையில் எல்லை என்றதும் பகுதியின் எல்லையே கண்ணில் படும். ‘உச்சவரம்பு’ நிலச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘முகட்டுக்கோடு’ எப்படி? எட்ட முடிந்த உயரம் என்ற பொருளும் வருகிறது, ‘முகட்டிலிருந்து விலகிய தொலைவு’ என்று வாக்கியத்திலும் மடங்கும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.