‘மேக்’ என்பதற்குத் தமிழ்: ‘குறைந்தபட்சம்’ வேண்டுமா?

> குறைந்தபட்ச நுண்ணறைச் செறிவு. சுருக்கம்: கு.நு.செ.

ஐயா, மேக் (MAC, minimum alveolar concentration) என்பது மயக்க வாயுக்களின் வீரியத்தை அளக்கும் அலகு; அதற்கு நீங்கள் தந்த பெயர் சொல்லுக்குச் சொல் சரிதான். படிப்பவருக்குப் பொருள் பிசகும். ‘குறைந்தபட்சம்’ என்றால் அவ்வளவு கொடுத்தால் எவருக்கும் போதும் என்றே கொள்வார்கள். ஆனால் மேக் அளவில், அறுவைக்காகத் தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையத்தான் செய்வார்கள். 95 விழுக்காட்டினரை அசையாமல் வைக்க ஏறத்தாழ 1.3 மடங்கு வேண்டும்.

‘மினிமம்’ எப்படி நுழைந்தது? 1960களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் மயக்கவியல் மருத்துவர் டெட் ஈகர் குழுவினர் முதலில் நாய்களில் அளந்தார்கள். வலி தூண்டிப் பார்த்து, செறிவைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கி, அந்த ஒரு நாயை அசையாமல் வைக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டார்கள். அங்கே சொல் பொருந்தியது. மனிதருக்கு முதல் கீறல் ஒருமுறைதானே! ஆளுக்கு ஒரு விடை: அசைந்தார், அசையவில்லை. அதனால் பலரைச் சேர்த்துப் பாதிப்புள்ளியை எடுத்தார்கள். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

நுரையீரலின் நுண்ணிய காற்றறையைக் குறிக்கும் ‘நுண்ணறை’யை விடக் கூடாது. மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் வேப்பரைசரில் 2% வைத்தவுடன் நுண்ணறையில் 2% வந்துவிடாது. வெளிமூச்சின் கடைசிப் பகுதியை அளந்து, அதைச் சுமார் 15 நிமிடம் மாறாமல் வைத்தால்தான் மூளையோடு சமன் ஆனதாகக் கொள்ளலாம்.

‘மயக்கச் செறிவு’ம் ஆகாது. எலிகளில் முன்மூளையை நீக்கிய பிறகும் மேக் மாறவில்லை என 1993இல் காட்டினார்கள்; அசைவை அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில் நடக்கிறது. நினைவிழக்க மேக்கில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

என் பரிந்துரை: நுண்ணறை அசைவடக்கச் செறிவு.

> பாதிப் பேர் என்பது இதிலும் இல்லையே?

இல்லைதான். அது வரையறையில் இருக்கட்டும். பெயரிலேயே எல்லாவற்றையும் திணித்தால் யாரும் வாயில் போட மாட்டார்கள்.

> பெருக்கிச் சொல்ல வருமா? மானிட்டரில் 0.7 மேக் என்று வருகிறதே.

வரும்: ‘0.7 அசைவடக்கம்’. ‘0.7 குறைந்தபட்சம்’ என்று சொல்லிப் பாருங்கள், குறைந்தபட்சத்துக்கும் கீழே என்ன இருக்கிறது! நடுவயதினருக்கு ஓர் அசைவடக்கம் என்பது ஐசோஃப்ளூரேனில் சுமார் 1.2%, சீவோஃப்ளூரேனில் 2%, டெஸ்ஃப்ளூரேனில் 6%. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 104%. அதாவது சாதாரண அழுத்தத்தில் அது தனியாக எட்டவே எட்டாது.

வயதையும் சொல்லோடு ஒட்ட வேண்டும். வயது பத்தாண்டு ஏறினால் மேக் சுமார் 6% குறைகிறது. மானிட்டரில் வயதைப் பதியாமல் விட்டால் 80 வயதுக்காரருக்கும் 40 வயதுக் கணக்கில் ‘1.0’ காட்டும், அதை நம்பி வைத்தால் ரத்த அழுத்தம் சரியும். எனவே கலைச்சொல் பட்டியலில் ‘வயதுசார் அசைவடக்கம்’ என்று தனிப் பதிவு சேர்த்துவிடுங்கள்.