ஊரில் வீட்டு வரி கட்டப் போய் யாரிடமாவது சண்டை போட்டிருக்கிறீர்களா?

உட்லண்ட்ஸ்வாசி:
நான் போட்டிருக்கிறேன். 2022 ஜூனில், கொரோனாவுக்குப் பிறகு முதன்முறையாகச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் வந்த சொத்து வரி உயர்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் ஊர் சிறிய நகராட்சி. நாங்கள் கொடுத்த படிவத்தைச் சரிபார்க்கப் பில் கலெக்டர் அளவு நாடாவோடு வந்தார். ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டார். பக்கவாட்டில் அப்பா சைக்கிள் நிறுத்தக் கட்டிய சிறு கொட்டகையையும் அளந்துவிட்டு, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டு, "1,214" என்றார்.

பழைய வரி அரையாண்டுக்கு 1,240 ரூபாய். 1,200க்குள் நின்றிருந்தால் 1,860. பதினான்கு அடி கூடிவிட்டதால் 2,170. வித்தியாசம் 310 ரூபாய், நம் காசில் ஆறு வெள்ளிகூட இல்லை. அதற்காக நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். குப்பை வண்டி வாரத்துக்கு ஒரு முறை வருவதையும், தெருவிளக்கு எரியாததையும், யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். செம்பை அண்ணாந்து குடித்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்தச் செம்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பூன் லே மாமா:
தம்பி, நீங்கள் கத்தியது தவறான ஆளிடம். அந்த 1,200 என்ற கோட்டைப் போட்டது உங்கள் நகராட்சியன்று, சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து வந்த அரசாணை. அந்த அரசாணைக்குப் பின்னால் டெல்லி இருந்தது. நகர்ப்புற மானியம் வேண்டுமென்றால் 2021-22க்குள் சொத்து வரிக்கு அடிப்படை வீதத்தை அறிவிக்க வேண்டும், அதன் பிறகு மாநில உற்பத்தி வளரும் வேகத்தில் வசூலும் வளர வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. சென்னைக்கு 1998, மற்ற நகரங்களுக்கு 2008. அவைதான் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வுகள். இடையில் 2018இல் உயர்த்தி, 2019இல் நிறுத்தி வைத்து, கூடுதலாக வாங்கியதைப் பின்வரும் தவணைகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்த வருமானத்தையே திருப்பிக் கணக்குப் பார்க்க வேண்டிய நகராட்சி குப்பை வண்டிக்கு எங்கே போகும்? அது போதாதென்று 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையென்று மத்திய மானியமும் தடைபட்டது.

என் அனுபவம் சிறியது. என் தம்பி மூன்று ஆண்டு பாக்கி வைத்திருந்தான், நான் போய்க் கட்டினேன், அவ்வளவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, தள்ளுபடி உண்டு. இணையத்தில் இங்கிருந்தே கட்டலாம், வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் போதும். அப்பா பெயரிலேயே வீடு கிடந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நாளைக்கு விற்கப் போகும்போது அலைய வேண்டாம். காலிமனை வைத்திருப்பவர்கள் காலிமனை வரியையும் மறந்துவிடாதீர்கள்.

ஜூரோங் அக்கா:
பூன் லே ஐயா, தள்ளுபடியைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே. வரியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, ஆனால் எங்களுக்கு நேர்ந்தது வேறு. 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சிகளாயின. அவற்றுள் ஒன்றை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் போயிருந்தபோது என் அத்தை அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே நூறு நாள் வேலை அட்டை. ஓரம் மடங்கி, வியர்வையில் எழுத்து மங்கியிருந்தது. "மாநகராட்சியிலயும் இது செல்லும்தானே?" என்று கேட்டார். அந்த வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், "விசாரிச்சுச் சொல்றேன் அத்தை" என்று பொய் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். வயல் அதே வயல், கண்மாய் அதே கண்மாய். அரசிதழில் ஊரின் பெயர் இடம் மாறியதும் அவருடைய கூலி நின்றது. இதற்கு எந்தப் பில் கலெக்டரிடம் போய்ச் சண்டை போடுவது?

மின்தூக்கிக்கு எதிர்வீடு:
சிங்கப்பூரில் இதெல்லாம் இல்லை என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். எங்கள் புளோக்கில் மின்தூக்கி மூன்று நாள் பழுதாகிக் கிடந்தபோது, ஒன்பதாம் மாடிக்குப் பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஆறாம் மாடியில் மூட்டையை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து, எங்கள் அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்டேன். மறுமுனையில் பேசிய இளைஞர் பொறுமையாகச் சொன்னார்: 2017 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணத்தில் குறைந்தது 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதிக்கும், 26 விழுக்காட்டை நீண்டகாலப் பழுதுபார்ப்புக்கான சேம நிதிக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும், ஒரு வெள்ளியில் அறுபது காசுதான் கூட்டிப் பெருக்கவும் விளக்கு எரியவும் மிஞ்சும். கோபத்தில் எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், ஒதுக்கச் சொன்ன சட்டத்தோடு அரசாங்க மானியமும் வருகிறது என்பதுதான் நம் ஊருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, நாம் இங்கே கட்டும் சொத்து வரி நகர மன்றத்துக்குப் போவதே இல்லை. அது உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போகிறது. ஆகவே பூன் லே ஐயா, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பூன் லே மாமா:
நான் எங்கே தராசில் வைத்தேன்? சிங்கப்பூரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:
மாமா, நீங்கள் சொன்னது உறைத்தது. அடுத்த முறை போனபோது நானே நேரில் போய் வரி கட்டினேன். அந்தப் பில் கலெக்டரை விசாரித்தேன்; வேறு நகராட்சிக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் கணினியைப் பார்த்து, "சார், 1,214 அடி, சரிதானே?" என்றார். கொட்டகையை அதற்கு முந்தைய மழையிலேயே இடித்துவிட்டோம். சொல்லியிருந்தால் மறுபடியும் நாடாவோடு வந்திருப்பார்கள். சரிதான் என்று சொல்லிவிட்டுக் கட்டினேன்.